பத்துக்கு ஒன்பது

பையை இப்படிக் கொடுங்கள் அண்ணா. நின்றுகொண்டு வந்தவனிடம் கேட்காமலேயே வாங்கி மடியில் வைத்துக்கொண்டீர்கள், நன்றி. இப்போதுதான் எனக்கும் உட்கார இடம் கிடைத்துவிட்டதே. கனமாக இருந்திருக்கும். உள்ளே வேறொன்றும் இல்லை, நோட்டுகள். இருநூறு பக்க நோட்டு பதினொன்று. எம்.ஏ. இங்கிலீஷ், பி.எட். முடித்த ஒருவன், காலையில் இட்லி கூட இறங்காமல், பதினொரு நோட்டைச் சுமந்துகொண்டு பனியன் கம்பெனி வாசலுக்குப் போகிறான். பத்து மணிக்குள் ஒப்படைக்க வேண்டுமாம்.

நீங்கள் எதுவரை? கலெக்டர் ஆபீசா? பட்டா மாறுதலா? அதுதான் ஃபைல் இவ்வளவு தடியாக இருக்கிறது. எனக்கு இன்றைக்கு அந்த ஆபீஸ் பெயரே காதில் விழக் கூடாது. அதே கட்டடத்தில், மாடியில், தொழிலாளர் ஆபீஸ் இருக்கிறது தெரியுமா? பதினொரு மணிக்கு அங்கே ஒரு அக்காவுக்கு விசாரணை. விரல் போன விஷயம். அவருக்கு இதில் ஒரு நோட்டு வேண்டும். கம்பெனிக்குப் பதினொன்றும் வேண்டும். இரண்டு பேருக்குமே நான் வேண்டாம்.

நான் யாரிடமும் வலிய வந்து பேசுகிறவன் இல்லை அண்ணா. என் குரலே எழும்பாது. வகுப்பில் கடைசி வரிசை அக்காக்கள், "சார், கொஞ்சம் வால்யூம் வையுங்க" என்பார்கள். ஆனால் பேச ஆரம்பித்தால் முடிக்காமல் இருக்க முடியாது, அது எங்கள் அப்பாருவிடமிருந்து, தாத்தாவிடமிருந்து, வந்த பழக்கம். அவர் கதை சொல்லும்போது நாங்கள் ‘ம்’ கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். யாரும் கொட்டவில்லையென்றால் ராஜகுமாரனை ஆற்றின் நடுவில் கழுத்தளவுத் தண்ணீரில் அப்படியே விட்டுவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார். நீங்களும் ‘ம்’ கொட்டுங்கள், போதும். கருத்து ஒன்றும் சொல்ல வேண்டாம். கருத்து சொல்லத்தான் எனக்கு ஊரே இருக்கிறது.

ஏப்ரல் மாதம் கம்பெனியில் கூப்பிட்டார்கள். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் கேட்டிருக்கிறான், பெண் தொழிலாளிகளுக்கு ஏதாவது பயிற்சி கொடுக்கிறீர்களா என்று. அதற்காக இங்கிலீஷ் வகுப்பு. மதியம் ஒன்றிலிருந்து ஒன்றரை வரை, கேன்டீனில். நான் இந்தப் பக்கம் நௌன் என்றால் அந்தப் பக்கம் ரசக் குண்டான் கழுவுகிற சத்தம். பின்னால் ஒரு பேனர். முதல் நாள் பேனருக்கு முன்னால் எல்லோரையும் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். அதோடு முடிந்துவிடும் என்றுதான் அந்த அக்காக்கள் நினைத்திருந்தார்கள். எனக்கு அப்படி இல்லை. நான் எதைச் செய்தாலும் அடிப்படையிலிருந்துதான் செய்வேன்.

எட்டு வகைச் சொல். நௌன், ப்ரோநௌன், வெர்ப், அட்வெர்ப், அட்ஜெக்டிவ், ப்ரிபோசிஷன், கன்ஜங்ஷன், இன்டர்ஜெக்ஷன். மூன்று வாரம் இதை மட்டும்தான் சொல்ல வைத்தேன். வேறு யாராவது வந்திருந்தால் முதல் நாளே ‘குட்மார்னிங், ஹவ் ஆர் யூ’ என்று வாயில் ஊட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

அந்தப் பதினொரு பேரில் ஒருவர்தான் ரங்கநாயகி அக்கா. முப்பத்தொன்பது வயது. ஓவர்லாக் டெய்லர், இருபத்திரண்டாம் நம்பர் மிஷின். எட்டாவதோடு நின்றவர். மகள் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். என்னைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர், ஆனாலும் சார் என்றுதான் கூப்பிடுவார். மற்றவர்கள் தம்பி என்பார்கள், மறந்துபோய் ‘கண்ணு’ என்று கூடச் சொல்வார்கள். அவர் மட்டும் சார். எதற்குப் படிக்கிறீர்கள் என்று முதல் நாள் ஒவ்வொருவரையும் கேட்டேன். "ரத்தினண்ணன் போகச் சொன்னாருங்க" என்றார்கள் பாதிப் பேர். ரத்தினம் என்பது அந்த லைன் சூப்பர்வைசர். ரங்கநாயகி அக்கா மட்டும்தான் விஷயத்தோடு சொன்னார்.

"ஒவ்வொரு ஆர்டருக்கும் அளவுச் சீட்டு இங்கிலீஷ்லதானுங் சார் வருது. அதைப் படிக்கத் தெரிஞ்சுட்டா மிஷினை விட்டு எந்திரிச்சு, பீஸைச் சரி பாக்கற க்யூ.சி.க்குப் போயிரலாமுங்க. உக்காந்து உக்காந்து இடுப்பு போச்சு."

நல்ல மாணவிதான், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு குணம் உண்டு. நான் கொடுக்கிற விளக்கத்தை அப்படியே வாங்கிக்கொள்ள மாட்டார். "வெர்ப்புங்கறது நூலுங்களா சார்?" என்றார் ஒரு நாள். "முன்பீஸு, பின்பீஸு, கையி எல்லாத்தையும் வெட்டி அடுக்கினாலும் நூல் ஓடாட்டி அது பனியன் ஆவாதுங்களே."

அவ்வளவுதான், கேன்டீன் முழுவதும் பிடித்துக்கொண்டது. "அப்ப அட்ஜெக்டிவ்வு லேபிளு." "கன்ஜங்ஷன் ஓவர்லாக்குடி, ரெண்டு துணியைச் சேத்துதில்ல." "இன்டர்ஜெக்ஷன்?" "அது ஊசி விரல்ல ஏறுனா கத்தறது!" ஒரே சிரிப்பு. பாத்திரம் கழுவுகிற அம்மா கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

நான் கரும்பலகையைத் தட்டினேன். விளக்கத்தை விளக்கமாகச் சொல்லுங்கள், விளையாட்டு வேண்டாம் என்றேன். வெர்ப் என்பது ஒரு செயலையோ நிலையையோ குறிக்கும் சொல். அப்படித்தான் சொல்ல வேண்டும். நூல், லேபிள் என்றெல்லாம் பரீட்சையில் எழுதினால் மார்க் வருமா? பரீட்சை ஏது என்கிறீர்களா? நான் வைப்பேன் அண்ணா. மாதா மாதம் வைத்தேன்.

வாக்கிய அமைப்புக்கு வந்தபோதும் இதே கதைதான். தமிழில் வினை கடைசியில் வரும், இங்கிலீஷில் ஆளுக்கு அடுத்தே வந்துவிடும் என்றேன். உடனே ரங்கநாயகி அக்கா, "அவன் அவசரக்காரன் போலிருக்குதுங் சார். யாரு என்ன பண்ணான்னு மொதல்லயே போட்டு ஒடச்சிர்றான். நம்மாளு கடைசி வரைக்கும் காக்க வெப்பான், அதுக்குள்ள கேக்கறவன் எந்திரிச்சுப் போயிருவான்" என்றார். இதற்கும் சிரிப்பு. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு வியாக்கியானம். நான் எவ்வளவு பொறுமைசாலி என்று பாருங்கள்.

மே மாதத்திலிருந்து ஒரு பயிற்சி கொண்டுவந்தேன். அது என் சொந்த யோசனை, எந்தப் புத்தகத்திலும் இல்லை. தினமும் ஐந்து வாக்கியம். தன் வாழ்க்கையிலிருந்து, தானே எழுத வேண்டும். காப்பி அடிக்க முடியாது பாருங்கள். நான் நோட்டை வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சிவப்பு மையில் திருத்துவேன். நௌனுக்குக் கீழே ஒரு கோடு, வெர்ப்புக்கு இரண்டு கோடு, அட்ஜெக்டிவுக்கு அலை, ப்ரிபோசிஷனுக்கு வட்டம். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு மார்க். அடியில் கையெழுத்து, தேதி. ஒரு நாள் தவறியதில்லை. எங்கள் அம்மா, "வெடிய வெடிய என்னதான்டா கோடு போடறே, கோலமா?" என்பாள்.

கையெழுத்துதான் வினையாகிவிட்டது. அதைச் சொல்ல வேண்டும். அந்தக் கம்பெனியில் எல்லாமே சீட்டுதான் அண்ணா. நூல் கோன் வாங்கச் சீட்டு, லீவுக்குச் சீட்டு, மகளைப் பார்க்க கேட்டுக்குப் போகச் சீட்டு. சீட்டில் யாராவது ஒரு சார் கையெழுத்துப் போட்டுவிட்டால் சங்கதி மேலே போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கப்புறம் அந்தத் தொழிலாளி அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. இது அவர்கள் பழக்கம். எனக்கு எப்படித் தெரியும்? நான் வாத்தியார். வாத்தியார் கையெழுத்துப் போட்டால் திருத்தியாயிற்று என்றுதான் அர்த்தம்.

ஜூன் பதினாலாம் தேதி ரங்கநாயகி அக்கா ஒரு பக்கம் எழுதினார். மிஷினைப் பற்றி ஐந்து வாக்கியம். அதுவரை ‘ஐ அம் ரங்கநாயகி’, ‘ஐ ஹாவ் ஒன் டாட்டர்’ என்றே ஓட்டிக்கொண்டிருந்தவர், அன்றைக்கு முதல் தடவையாக முழு வாக்கியங்கள். ஆள் இருக்கிற இடத்தில் ஆள், வினை இருக்கிற இடத்தில் வினை. ஒரே ஒரு இடத்தில்தான் சறுக்கல். பத்துக்கு ஒன்பது போட்டேன். அந்த வகுப்பில் யாரும் அதுவரை ஏழைத் தாண்டியதில்லை அண்ணா! எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அம்மாவை எழுப்பிக் காட்டினேன்.

மறுநாள் வகுப்பு முடிந்து எல்லோரும் கை கழுவப் போய்விட்டார்கள். அவர் மட்டும் நோட்டை மார்பில் அணைத்துக்கொண்டு நின்றார்.

"சார், நோட்டு படிச்சீங்களா?"

"படிச்சேன்க்கா. ரொம்ப நல்ல முன்னேற்றம்."

"முழுசுமா படிச்சீங்க?"

"முழுசும்தான். ஒன்பது போட்டிருக்கேன் பாருங்க."

அவர் பக்கத்தைப் பிரித்துப் பார்த்தார். கையெழுத்தைத் தொட்டுப் பார்த்தார். "அப்பச் சரிங் சார்" என்றார். முகத்தில் இருந்த இறுக்கம் அப்படியே விட்டுப்போனது. மிஷினுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். மார்க் வாங்கிய சந்தோஷம் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தானே நினைப்பார்கள்?

இப்போது எல்லோரும் என்னிடம் கேட்பது, அந்தப் பக்கத்தில் இருந்த விஷயத்தை. அந்த மிஷினில் ஊசிக்கு முன்னால் ஒரு சின்னக் கம்பித் தடுப்பு இருக்க வேண்டுமாம், விரல் உள்ளே போகாமல் இருக்க. கார்டு என்கிறார்கள். அது இருந்தால் துணி தள்ளுவது மெதுவாகிறதாம், பீஸ் குறைகிறதாம். அதனால் கழற்றி ரத்தினத்தின் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார்கள். பையர் தரப்பிலிருந்து ஆடிட் வருகிற அன்று காலையில் டப்பா திறக்கும், எல்லா மிஷினிலும் கார்டு ஏறிவிடும். அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் மறுபடி டப்பாவுக்குள். இதெல்லாம் அந்த லைனில் குழந்தைக்குக் கூடத் தெரியும் என்கிறார்கள். எனக்குத் தெரியாது. நான் போவது கேன்டீன் வரைக்கும்தான்.

ஜூலையில் ஆடிட் வந்தது. பயிற்சி வகுப்பைப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஒரு தொழிலாளி இங்கிலீஷில் பேச வேண்டும் என்று ஹெச்.ஆர். ஹேமலதா மேடம் சொன்னார். நான் யாரைச் சொல்வேன்? ரங்கநாயகி அக்காவைத்தான். நான்கு வரி எழுதிக் கொடுத்து ஒரு வாரம் பழக்கினேன். வணக்கம், நான் இன்னார், எங்கள் கம்பெனி எங்களுக்குக் கற்றுத் தருகிறது, நாங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறோம்.

ஆடிட்டுக்கு முதல் நாள் அவர் கேட்டார், "சார், நான் எழுதுனது இருக்குதில்லீங்க, மிஷினைப் பத்தி. அதையும் ரெண்டு வரி சேத்திச் சொல்லட்டுங்களா? அது எனக்கு நல்லா வாயில வருது."

"அது நோட்டுலயே இருக்குதுல்லக்கா. புதுசா எதையும் சேக்காதீங்க. பயத்துல தப்பு வந்துட்டா என் பேருதான் கெடும்" என்றேன்.

தப்பில்லாமல் சொன்னார் அண்ணா. நான்கு வரியும் தெளிவாக. அந்த ஆடிட்டர் அம்மா கைதட்டினார்கள். ஹேமலதா மேடம் என் கையைக் குலுக்கினார். இருபத்திரண்டாம் நம்பர் மிஷினில் அன்றைக்குக் கார்டு பளபளவென்று இருந்ததாம். அதை நான் பார்க்கவில்லை, அப்புறம் சொன்னார்கள்.

ஆகஸ்ட் மூன்றாம் வாரம். கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கு தாமதம் என்று ஒன்றரை ஷிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார்களாம். ஊசி அவர் வலது கை ஆள்காட்டி விரலில் இறங்கி, உள்ளேயே ஒடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒடிந்ததை எடுத்தார்கள், சீழ் பிடித்தது, கடைசியில் நுனி மூட்டு வரை எடுத்துவிட்டார்கள். துணியை வழிநடத்துகிற விரலே அதுதானாம். பேனா பிடிப்பதும் அதே விரல்தான், அதை நினைத்துத்தான் எனக்கு வருத்தம்.

நான் போய்ப் பார்த்தேன். போகவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது. நான்கு சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். கையில் பெரிய கட்டு, அதைத் தலையணை மேல் தூக்கி வைத்திருந்தார். மகள் பக்கத்தில் நின்றாள். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்.

"சார், நீங்க படிச்சீங்கல்ல?"

நான் என்ன சொல்வேன்? உள்ளதைத்தானே சொல்ல முடியும். "படிச்சேன்க்கா. ஒன்பது மார்க் போட்டேனே, மறந்துட்டீங்களா?" என்றேன்.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார் அண்ணா. அந்தப் பெண், "அம்மா தூங்கட்டுங்க சார்" என்று சாத்துக்குடிப் பையை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள். மூன்று வாரம் சொல்வகை, ஆறு வாரம் வாக்கிய அமைப்பு, ஒரு நாள் தவறாமல் திருத்தம். அதற்கு இதுவா மரியாதை?

கம்பெனி அறிக்கை எழுதியது. தொழிலாளி தானாகவே கார்டைக் கழற்றியிருக்கிறார், இதற்கு முன் யாரிடமும் புகார் சொன்னதில்லை என்று. அவரை வேலையிலிருந்து நிற்கச் சொல்லியும் விட்டார்கள். அவர் தொழிலாளர் ஆபீசில் போய் உட்கார்ந்து, "ஜூன் மாசமே எழுதிக் குடுத்தனுங்க. சார் படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டாருங்க" என்றிருக்கிறார். எந்த சார் என்று கேட்டிருக்கிறார்கள். "இங்கிலீஷ் சாருங்க." நோட்டு எங்கே என்றிருக்கிறார்கள். நோட்டு எங்கே? என் வீட்டில். ஆகஸ்ட் மாதப் பரீட்சைக்காகப் பதினொன்றையும் எடுத்து வந்திருந்தேன். அதோடு வகுப்பும் நின்றுவிட்டது.

முந்தாநாள் ஹேமலதா மேடம் கூப்பிட்டார். நேரில் போனேன். நாற்காலி போட்டு, டீ கொடுத்தார்கள். அதுவரை அங்கே எனக்கு யாரும் டீ கொடுத்ததில்லை.

"சபரீஸ்வரன், அந்த நோட்டுல நீங்க சைன் பண்ணியிருக்கீங்களா?"

"அது சைன் இல்லைங்க மேடம், திருத்தம்."

"தேதியோட?"

"தேதி இல்லாம நான் திருத்தவே மாட்டேங்க."

அவர் டீ கப்பை என் பக்கம் இன்னும் நகர்த்தி வைத்தார். அப்புறம் சிரித்த மாதிரி சொன்னார், "எல்லா நோட்டையும் வெள்ளிக்கிழமை பத்து மணிக்குள்ள ரிட்டர்ன் பண்ணிடுங்க. அது கம்பெனி வாங்கிக் குடுத்த நோட்டுதானே. யூனிட் டூவில புது பேட்ச் ஆரம்பிக்கிறோம், முப்பது பேரு, தனி ரூமு. நீங்களே எடுங்க. ஏதாவது ஒரு பக்கம் கிழிஞ்சிருந்தாக்கூட நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம்."

எனக்குச் சுருக்கென்றது அண்ணா. "மேடம், என் ஸ்டூடண்ட்ஸ் நோட்டுல இதுவரைக்கும் ஒரு பக்கம் கிழிஞ்சதில்லைங்க. நான் அட்டை போட வெச்சிருக்கேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஏன் அப்படிப் பார்த்தார் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். யோசித்தால் ஒன்று தோன்றுகிறது. அப்படித் தோன்றியதிலிருந்துதான் இட்லி இறங்கவில்லை.

நேற்று அந்தப் பெண் போன் செய்தாள். வணக்கம் கூடச் சொல்லவில்லை.

"சார், அம்மா நோட்டு வேணுங்க. நாளைக்குப் பதினோரு மணிக்கு விசாரணை."

"கம்பெனி நோட்டுமா அது. நான் அங்கதான் குடுக்கணும்."

"எழுதுனது எங்கம்மாங்க."

"நான் வேணா வந்து அம்மாவோட இங்கிலீஷ் எப்படி வளந்துச்சுன்னு எடுத்துச் சொல்லட்டுமா?"

"நீங்க வர வேண்டாமுங்க. நோட்டு மட்டும் போதும்" என்று வைத்துவிட்டாள்.

பாருங்கள். ஆளுக்கு ஆள் நோட்டு, நோட்டு. அதில் கோடு போட்டவன் ஒருவன் இருக்கிறானே, அவனுக்கு ஒரு... என்ன அண்ணா? என்ன கேட்டீர்கள்?

நான் யாரிடமாவது சொன்னேனா என்றா?

இதைத்தான் சொன்னேன், கருத்து வேண்டாம் என்று. எல்லோரும் இதே கேள்வி. எங்கள் அம்மா, பக்கத்து வீட்டு மாமா, நேற்று முடி வெட்டப் போன இடத்தில் அந்த அண்ணன். "படிச்சயல்ல, யாருகிட்டயாச்சும் சொன்னயா?" நான் யாரிடம் சொல்ல? ரத்தினத்திடமா? அவர் என்னை நிமிர்ந்து கூடப் பார்த்ததில்லை. ஹேமலதா மேடம் ரூம் கேன்டீனுக்குப் பக்கத்து ரூம்தான், ஆனால் நான் அங்கே பாடத்தைப் பற்றித் தவிர எதற்குப் போவேன்? என் வேலை இலக்கணம். ஐந்து வாக்கியம் வந்தால் ஐந்திலும் வினை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. மற்றதைப் பார்க்க அங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.

நம்ப மாட்டீர்கள் போலிருக்கிறது. இருங்கள், காட்டுகிறேன். நீங்களே பார்த்துச் சொல்லுங்கள், இது இலக்கணப் பயிற்சியா, புகார்க் கடிதமா என்று. இதோ, பச்சை அட்டை. பெயர், மிஷின் நம்பர், எல்லாம் ஒழுங்காக எழுதியிருக்கிறார் பாருங்கள். ஜூன் பத்து, பன்னிரண்டு... இது. பதினாலு. இந்தச் சிவப்பெல்லாம் என்னுடையது. கோடுகளை விட்டுவிடுங்கள், இங்கிலீஷில் இருப்பதை நான் தமிழில் சொல்கிறேன்.

ஒன்று. என் மிஷினில் கார்டு இல்லை.

இரண்டு. கார்டு ரத்தினம் அண்ணன் டப்பாவில் இருக்கிறது.

மூன்று. நான் இரண்டு தடவை கேட்டேன்.

நான்கு. அவர் சிரித்தார்.

ஐந்து... ஐந்தில்தான் அந்தத் தப்பு. நான் அடித்துவிட்டு மேலே சரியாக எழுதியிருக்கிறேன் பாருங்கள். அடித்ததற்குக் கீழே இருப்பதைப் படிக்கிறேன். என் விரலுக்குப் பயமாக இருக்கிறது.

விரல் பயப்படாது, ஆள்தான் பயப்படுவார் என்று எழுதி ஒரு மார்க் குறைத்திருக்கிறேன்.

ஏன் அண்ணா ‘ம்’ கொட்டுவதை நிறுத்திவிட்டீர்கள்?

இதை நான் இப்படி வரிசையாக, கோடு இல்லாமல், வாய்விட்டுப் படித்ததே இல்லை. அன்றைக்கு இரவு ஒவ்வொரு வாக்கியமாகத் தனித்தனியாகப் பார்த்தேன். ஒன்றில் இரண்டு கோடு, அடுத்ததில் வட்டம், அடுத்தது. இப்போது சேர்த்துப் படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. எங்கள் அப்பாரு கதை சொல்கிற மாதிரி, ஒன்றுக்கு அடுத்து ஒன்று வருகிறது. ஐந்தாவதுக்கு அடுத்து ஒன்று வரும் என்று படிக்கிறவனுக்கே தெரிகிறது. இதை முடிக்காமல் விட்டிருக்கிறார். யாரோ ‘ம்’ கொட்டுவார்கள் என்று...

நான் ‘ரொம்ப நல்ல முன்னேற்றம்’ என்றேன்.

இருங்கள். பஸ் நின்றது எங்கே? கண்டக்டர் கூவியது எங்கள் கம்பெனி ஸ்டாப்தானே? போய்விட்டதா? பார்த்தீர்களா, உங்களோடு பேசிக்கொண்டு வந்ததில் ஸ்டாப்பை விட்டுவிட்டேன். நீங்களாவது சொல்லியிருக்கலாம். கண்டக்டர் இரண்டு தடவை கூவினார், காதில் விழாமல் இல்லை. விழுந்தது. இறங்கி எதிர்ப்பக்கம் போய் நின்றால் ஐந்து நிமிஷத்தில் அடுத்த பஸ் வரும், பத்து மணிக்குள் போய்விடலாம்தான். முப்பது பேர், தனி ரூம்.

மணி என்ன? ஒன்பதே முக்காலா?

கலெக்டர் ஆபீசுக்கு பஸ் ஸ்டாண்டில் இறங்கி எந்த பஸ் ஏறுவீர்கள்? நானும் அதில் ஏறிக்கொள்கிறேன். இல்லை, அந்தப் பெண் வர வேண்டாம் என்றுதான் சொன்னாள். வாசலில் நோட்டை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம். ஆனால் கையெழுத்து யாருடையது என்று ஆபீசர் கேட்பாரே. அப்போது கூப்பிடுவார்கள். ‘படித்தீர்களா’ என்று கேட்டால், படித்தேன், ஜூன் பதினாலாம் தேதி, முழுவதும் படித்தேன் என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கஷ்டமில்லை. அவர் அதோடு விட மாட்டார், அடுத்ததாக நீங்கள் இப்போது கேட்டதையே கேட்பார். அந்த அக்காவும் அங்கேயே, கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருப்பார்.

அதற்கு என்ன சொல்வதென்று நான் யோசிக்க வேண்டும். கொஞ்ச நேரம் நீங்கள் பேசாமல் வாருங்கள் அண்ணா.